லிசாவின் மணிக்கட்டு

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் நிறம் பார்த்துவிட வேண்டும் என்று இசக்கிசெல்வி பறந்தாள். கல்யாணப் பெண் தமன்னாவோ ஏணியின் பாதியில் நின்றுகொண்டு, மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பார்லர்ல ஏசி ரூமுல உக்கார வெச்சுப் பாக்காங்க. நீ என்னன்னா பத்ரா மேல ஏத்துத."

"ஏசிக்கு உன் நிறம் தெரியுமாட்டி? பேசாம ஏறு. அங்கன ஆணி நீட்டிக்கிட்டுக் கெடக்கு, துப்பட்டாவ சுருட்டிப் புடி."

தாராவியில் அந்தக் குறுகிய கல்லிச் சந்துக்குள் பட்டப்பகலிலும் டியூப் லைட் எரிந்தால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். வீட்டுக்கு வீடு ஒரு விரற்கடைதான் இடைவெளி. அதிலும் பாதியைத் தண்ணீர்க் குழாய்கள் அடைத்துக்கொண்டிருந்தன. டியூப் லைட்டை நம்பி ஒரு பெண்ணின் முகத்தில் கை வைக்க செல்வி என்ன பைத்தியமா? யார் வந்தாலும் முதலில் பத்ரா என்கிற தகரக் கூரைக்குத்தான் ஏற்றுவாள். கூரையிலும் எல்லா இடமும் ஆகாது. மழைக்குப் போர்த்திய நீல பிளாஸ்டிக் பக்கத்தில் நின்றால் எப்பேர்ப்பட்ட தோலும் வெளிறிப்போய்த் தெரியும். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பிளாஸ்டிக் இல்லாத ஒரு மூலை இருந்தது. அதுதான் அவளுடைய பார்லர்.

தமன்னாவின் கையைப் பிடித்து மணிக்கட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரலால் அழுத்தி விட்டுப் பார்த்தாள்.

"நரம்பு பச்சையா ஓடுது, பாத்தியா? அப்ப உனக்கு உள்ள மஞ்ச. நீலமா ஓடுச்சுன்னா ரோஸ். மேல எல்லாரும் ஒரே கறுப்பாத்தான் தெரிவோம், உள்ளதான் ஆளுக்கு ஒண்ணு. மஞ்சக்காரிக்கு ரோஸ் டப்பாவத் தொறந்தா மூஞ்சி சாம்பலாப் போயிரும்."

"என்னமும் பண்ணு, வெள்ளையாத் தெரியணும்க்கா. மாப்பிள்ள வீட்ல எல்லாரும் கோரா, நல்ல செவப்பு."

"அதுக்கு எதுக்கு நான்? ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கி உங்கம்மையையே அடிக்கச் சொல்லு."

தமன்னா குலுங்கிச் சிரித்தாள். செல்வி அவள் தாடை ஓரமாக இரண்டு கோடுகள் இழுத்தாள். ஒன்று தோலோடு கரைந்து காணாமல் போனது. மற்றது தனியாக நின்றது. காணாமல் போனதுதான் அவள் நிறம்.

செம்பூரில் ஒரு வகுப்பில் கற்றுக்கொண்ட தொழில். அங்கே சொல்லிக்கொடுத்தவள் வார்த்தைக்கு வார்த்தை அண்டர்டோன் என்பாள். செல்வி தன் பெண்களிடம் உள்நிறம் என்பாள். அந்தக் கல்லியிலும் சுற்றுவட்டத்திலும் கல்யாணம் என்றால் செல்விதான். அவள் புருஷன் சுடலைக்கண்ணன் கல்யாண் நகரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பது ஊரறிந்த கதை. இருந்தாலும் தாலியை அவள் கழற்றவில்லை. அவன்மேல் உள்ள ஆசையா, மண்ணாங்கட்டியா! பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் அவள் கழுத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் மேக்கப் பெட்டியைப் பார்ப்பார்கள். பிரஷ், ஸ்பாஞ்சு மாதிரி தாலியும் அவளுக்குத் தொழில் சாமான்.

அப்போதுதான் போன் வந்தது. லூர்து மேரியின் குரலை முதலில் அடையாளமே தெரியவில்லை.

"செல்வி, கேக்கக் கூடாததுதான். கேக்கேன். வீட்டுக்கு வாரியா?"

அடுத்த கல்லியில்தான் லூர்து மேரியின் வீடு. அவளுடைய மூத்த மகள் ஜோஸ்பின் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் ஞானசீலன் மஸ்கட்டிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதற்காக உடலை ஆஸ்பத்திரி ஐஸ் அறையில் வைத்திருந்தார்கள். அன்று காலையில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

செல்வி போனபோது இரண்டு பெஞ்சுகளின்மேல் சவப்பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு முறத்தில் வெள்ளைப் பட்டுச் சேலை, வலைத் துணி, பூ முடி. கல்யாணமாகாத பிள்ளையைக் கல்யாணக் கோலத்தில் அனுப்புவது அவர்கள் வழக்கம்.

"இவ அப்பா சாயங்காலம் வந்துருவாரு" என்றாள் லூர்து மேரி. அழுது அழுது அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. "ரெண்டு வருஷம் கழிச்சு வாராரு. இந்த மொகத்தையா நான் காட்டுவேன்? பாரு செல்வி. இது எம்பிள்ளையா?"

செல்வி பார்த்தாள். அடுப்புச் சாம்பலின் நிறம். உதடு நீலம் பாரித்திருந்தது. செல்வி ஓரடி பின்வாங்கினாள். இழவு வீட்டுக்குப் போய்வந்தாலே வாசலில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரும் குடும்பத்தில் பிறந்தவள். மணப்பெண்ணைத் தொடுகிற கையால் இதைத் தொடலாமா? முடியாதுக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இந்தப் பிள்ளை மாதா மாதம் வந்து புருவத்தைக் காட்டிக்கொண்டு, "அக்கா, வலிக்காம எடு, இல்லாட்டி கத்தி ஊரக் கூட்டுவேன்" என்று மிரட்டிய பிள்ளை. வலித்தாலும் கத்தமாட்டாள், செல்வியின் தொடையைக் கிள்ளுவாள். அந்த நினைப்பு வந்ததும் செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

"எல்லாரையும் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்கக்கா."

ஆனால் எந்த நிறத்தைப் போடுவது? மணிக்கட்டை அழுத்தினால் ஓடுவதற்கு உள்ளே ரத்தம் இல்லை. புருவம் எடுக்கக் கூரை ஏற வேண்டியதில்லை என்பதால் ஜோஸ்பினைப் பகல் வெளிச்சத்தில் வைத்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. லூர்து மேரி மகளுடைய போனைத் தந்தாள். போன் நிறைய ஜோஸ்பின். ஒன்றில் பாலில் குளித்தவள் மாதிரி, இன்னொன்றில் ரோஜாப்பூ மாதிரி. எல்லாம் ஃபில்டர் போட்ட படங்கள். ஒரு படத்தில்கூட அந்தப் பிள்ளையின் சொந்த நிறம் இல்லை.

"லிசா எங்க?" என்றாள் செல்வி.

இளையவள் மாளா என்கிற மேல்தட்டுக்கு ஏறும் ஏணியடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வி அவளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூரைக்குக் கூட்டிப்போனாள். மணிக்கட்டைத் திருப்பினாள். நரம்பு இளம்பச்சையாக ஓடியது. மஞ்சள், அதிலும் தேன் கலந்த மஞ்சள். டப்பா மூடியில் இரண்டு நிறங்களைக் கலந்து, மூன்றாவதில் ஒரு சொட்டு விட்டு, லிசாவின் மணிக்கட்டில் தொட்டு வைத்தாள். நின்றது. இன்னொரு சொட்டு. கொஞ்சம் கரைந்தது. இன்னும் ஒரு சொட்டில் இருந்த இடம் தெரியவில்லை.

"எனக்கும் அவளுக்கும் ஒரே கலர்க்கா" என்றாள் லிசா. "ஸ்கூல்ல படிக்கையில எங்க ரெண்டு பேர் கையையும் சேத்து வெச்சா எது யாரு கைன்னு தெரியாது." சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். செல்வி அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பக்கத்துக் கூரைகளில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"என் கல்யாணத்துக்கு நீதான் போடணும்க்கா" என்று அழுகைக்கு நடுவே லிசா சொன்னாள். "இதே கலர். வேற யாரையும் விடமாட்டேன்."

"நான் போடாம யாரு போடுவா? கண்ணத் தொடச்சுக்க."

ஐஸில் கிடந்த தோல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. தடவிய க்ரீம் அப்படியே மேலே நின்றது. செல்வி இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கி அந்தக் கன்னங்களில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். முதலில் சாம்பல் நிறத்தை மறைக்க ஆரஞ்சு. மெல்லிசாக, தட்டித் தட்டி. அதன்மேல் லிசாவின் மணிக்கட்டில் கலந்த நிறம். உதட்டுக்குச் செங்கல் சிவப்பு, அதுவும் விரலால். கண்ணுக்கடியில் ஸ்பாஞ்சைக் கொண்டுபோகும்போது பழக்கதோஷத்தில், "மேல பாருட்டி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்த அறையில் தனியாக இருப்பது அவளுக்கு உறைத்தது. அப்படியும் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஞானசீலன் டிராலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். கல்லியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். மகளைப் பார்த்தவர் அழவில்லை. குனிந்து, தூங்குகிற பிள்ளையை ஸ்கூலுக்கு எழுப்புகிற குரலில், "எம்மா, அப்பா வந்துட்டேன்" என்றார். கூடியிருந்த அத்தனை பேரும் கதறினார்கள். லூர்து மேரி கூட்டத்துக்குள் செல்வியின் கையைத் தேடிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கூட்டத்தில் யாரோ போனில் எடுத்த வீடியோ ஊருக்கெல்லாம் போனது. தூத்துக்குடியிலும் மஸ்கட்டிலும் இருந்த சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். தாராவியில் பார்க்காத போன் இல்லை. உயிரோட இருக்க மாதிரில்லா இருக்கு, யாரு செஞ்சது, என்று கேட்டவர்களுக்கெல்லாம் லூர்து மேரி நன்றி மறக்காமல் பேர் சொன்னாள். "நம்ம இசக்கிசெல்விதான். தங்கமான கை."

அந்தப் பேச்சு ஆறும் முன்னே தமன்னாவின் அம்மா ஆறுமுகத்தாய் வந்தாள். வாசல்படியில் ஏறவில்லை.

"உள்ள வாங்கக்கா. டீ போடுதேன்."

"வேண்டாம் தாயி. இப்பத்தான் குடிச்சேன்." செல்வியின் கழுத்தைப் பார்த்தாள், பிறகு கைகளைப் பார்த்தாள். "நீ அன்னைக்குக் குளிச்சியா?"

"குளிச்சேன்க்கா. தலைக்கு ஊத்தித்தான் உள்ளயே வந்தேன்."

"பிரஷ்ஷெல்லாம்?"

"தூரப் போட்டுட்டேன். பிரஷ், ஸ்பாஞ்சு, டப்பா அத்தனையும் புதுசு. பெட்டியக் காட்டட்டுமா?"

ஆறுமுகத்தாயின் கண் மறுபடியும் கைகளுக்கே போனது.

"கைய எங்கக்கா புதுசா வாங்க?" என்றாள் செல்வி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"கோவிச்சுக்காத. எனக்கு ஒண்ணும் இல்ல. மாப்பிள்ள வீட்ல வீடியோவப் பாத்திருக்காங்க. நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஒரு தலவலி வந்தாலும் இதத்தான் சொல்லுவாங்க. நானும் பொம்பளப் பிள்ளையப் பெத்தவ."

ஆவணி முகூர்த்தங்கள் அத்தோடு போயின. ஒருத்தி போனில் சொன்னாள், ஒருத்தி போனை எடுக்கவே இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் தீட்டு கிடையாது என்று சாதித்த ஒரு பெண், மாமியார் ஒப்பவில்லை என்று முடித்தாள். புருவம் எடுக்க வரும் பிள்ளைகள்கூடக் குறைந்துபோனார்கள். வந்த ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியவள், என்ன தோன்றியதோ, "அக்கா, நாளைக்கு வாரேன்" என்று எழுந்து ஓடினாள்.

மாஹிமில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்த ரிஜோதான் விடாமல் போன் போட்டான். "அக்கா, வீடியோ பாத்தேன், மஸ்த் காம், பிரமாதமான வேல. ஒரு கேஸ் இருக்கு, வாரீங்களா?" முதல் தடவை பட்டென்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். அடுத்த தடவை போனாள். போகாமல் எதைத் தின்பது? போன இடத்தில், நிறம் பார்க்க வேண்டும், ரத்த சம்பந்தம் யாராவது ஒருத்தர் மணிக்கட்டைக் காட்டுங்கள் என்று கேட்டாள். செத்தவரின் மகன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி மகன் கையை நீட்டினான். அவள் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. முன்பெல்லாம் நாள் முழுக்க வாய் ஓயாது. மணப்பெண்கள் தங்கள் மாமியார் கதையை அவளிடம்தான் கொட்டுவார்கள். இப்போது டிவியைப் போட்டுவிட்டு, அதில் வருகிறவளைப் பார்த்து, "அடிப்பாவி, ரோஸ அப்பி வெச்சிருக்காளே" என்று திட்டுவாள். அதுதான் அன்றைக்குப் பேசிய பேச்சாக இருக்கும்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. ஜோஸ்பினின் வருஷப் பூசை முடிந்ததும் லிசாவுக்குக் கிறிஸ்டோ என்ற பையனைப் பேசி முடித்தார்கள். செத்த பிள்ளையின் வீட்டிலேயே செல்வியைக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் ஊர் வாயை எதைக் கொண்டு திறக்கும்? அந்த வீட்டுக்கு ஆகாத தோஷமா மற்ற வீட்டுக்கு ஆகிவிடும்? லிசா சொன்ன சொல்லை அவள் நாளுக்கொரு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அச்சுப் பிசகாமல் எல்லாம் ஞாபகம் இருந்தது: டிரம், காய்ந்த துணிகள், இளம்பச்சை நரம்பு. புது டப்பாவில் புது நிறங்களை வைத்து அந்தக் கலவையைச் சொட்டுக் கணக்கு மாறாமல் கலந்து வைத்தாள்.

லூர்து மேரி கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அவள் உள்ளே வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். டீயும் குடித்தாள். செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நான் எத்தன மணிக்கு வரணும்க்கா? பூசைக்கு ஒண்ணு, ரிசப்ஷனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு லுக்கு போடணும்லா?"

லூர்து மேரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாட்டுங்காவுல ஒரு பார்லர்ல சொல்லியாச்சு செல்வி."

டிவி ஓடிக்கொண்டிருந்தது. செல்வி எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

"லிசா அழுதா. செல்வியக்காதான்னு ஒரே புடி. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீ எம்பிள்ளைக்குச் செஞ்சத நான் கண்ண மூடுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா உன் கையப் பாத்தாலே எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணுல வருது. அந்தக் கை இவ மூஞ்சிக்குப் போறத நான் எப்படிப் பாத்துக்கிட்டு நிப்பேன்? நீயே சொல்லு."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. செல்விக்கு அவள்மேல் கோபம் வந்தது. கோபப்பட முடியவில்லையே என்று அதைவிடப் பெரிய கோபம் வந்தது. அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

"சரிக்கா. நான் வரல. இத மட்டும் அந்த பார்லர்காரிகிட்டக் குடுத்துருங்க. லிசாவுக்கு அளவா கலந்தது. அவங்க ரோஸ் போட்டுட்டாங்கன்னா பிள்ள மூஞ்சி சாம்பலடிச்சிரும்."

லூர்து மேரி டப்பாவைப் பார்த்தாள். பாயிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அது... அன்னைக்கு உள்ளதா?"

"ஐயோ, இல்லக்கா. புதுசு. மாதா சத்தியமாப் புதுசு."

"இருக்கட்டும் செல்வி. இங்கயே இருக்கட்டும்." சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்து மூடிக்கொண்டாள். "நீ வராம இருந்துராத. சாப்பிட்டுத்தான் போகணும்."

ரிசப்ஷன் செம்பூரில் ஒரு ஹாலில். போகக் கூடாது என்று சேலையை மடித்து வைத்தவள், பிறகு அதையே கட்டிக்கொண்டு போனாள். கூப்பிட்ட மரியாதைக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு லிசாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். டப்பா கைப்பையில் இருந்தது.

வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது. மேடையில் கிறிஸ்டோவுக்குப் பக்கத்தில் அரக்குச் சேலையில் நின்றாள் லிசா. முகத்தில் ரோஸ் நிறத்தை அப்பி வைத்திருந்தார்கள். வெள்ளையாக வேண்டும் என்று யாரோ கேட்டிருப்பார்கள். வெள்ளையும் வரவில்லை, மாநிறமும் நிற்கவில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் சாம்பல் பூத்திருந்தது. அந்தச் சாம்பலைச் செல்விக்குத் தெரியும். இரண்டு பெஞ்சுகளின்மேல் பார்த்த சாம்பல். அவள் தன் கையால் மறைத்த சாம்பல்.

"பிள்ள எம்புட்டு வெள்ளையா இருக்கா பாத்தியா!" என்று பக்கத்து வரிசையில் ஒருத்தி சொன்னாள். தமன்னா மடியில் குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். செல்வியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குழந்தையை மடியின் மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

செல்வி மேடை ஏறினாள். லிசா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் குத்தின.

"அக்கா, நல்லாயிருக்கனா?"

"ராசாத்தி மாதிரி இருக்க."

"நெஜமா?"

"நெஜமாட்டி. சிரி. எல்லாரும் பாக்காங்க."

மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜோஸ்பினின் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். செல்வி இப்போதுதான் அதைப் பார்த்தாள். அன்றைக்கு எடுத்த படம். சவப்பெட்டியை வெட்டிவிட்டு, மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக கம்ப்யூட்டரில் மாற்றி, பின்னால் நீல வானம் வைத்திருந்தார்கள். முகத்தை மட்டும் தொடவில்லை. தேன் கலந்த மஞ்சள் அப்படியே இருந்தது.

"வீட்ல இத்தன போட்டோ இருந்தும் இதுலதான் அவ அவளா இருக்கா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள் லூர்து மேரி. செல்வியைப் பார்த்ததும் அருகே வந்து தோளைத் தொட்டாள். "செல்வி, ஃபேமிலி போட்டோ எடுக்காங்க. நீ கொஞ்சம் இறங்கிக்க தாயி. ஐஸ்கிரீம் குடுக்காங்க பாரு, சாப்பிடு."

செல்வி இறங்கி ஐஸ்கிரீம் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

போட்டோகிராபர் கேஷவ், ஜோஸ்பினின் படத்தைக் கொண்டுவரச் சொல்லி லிசாவின் கையில் கொடுத்தான். அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு படம். கேமராவுக்குள் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான். "அரே, துல்ஹன் கா சேஹ்ரா டல் ஆ ரஹா ஹை. பொண்ணு மூஞ்சி மங்கலா வருது, இன்னும் லைட் குடு" என்று உதவியாளரிடம் கத்தினான். லைட்டை உயர்த்தினார்கள். மணப்பெண்ணின் முகம் இன்னும் சாம்பலாகத் தெரிந்தது. லிசா செல்வி சொன்னபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கை தூக்கியதில் அவளுடைய வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்திருந்தன. பார்லர்காரிகள் மணிக்கட்டுக்கு ஒன்றும் பூசவில்லை. சட்டத்தைப் பிடித்திருந்த மணிக்கட்டும், சட்டத்துக்குள் இருந்த முகமும் ஒரே நிறத்தில் இருந்தன.